கூட்டி எழுதிய இரண்டு வயது

1

போன கிழமை என் மகன் கபிலனுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. ஊரில் என்றால் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயாசம், அத்தோடு சரி. துபாயில் பதினெட்டு என்பது இமிகிரேஷன் விவகாரம். அதுவரை தகப்பனின் விசாவில் ஒட்டிக்கொண்டிருந்த பெடியன், அன்று தொட்டு "படிக்கிறேன்" என்று வருடாவருடம் பள்ளிக்கூடக் கடிதம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை தேடு, இல்லையென்றால் நாட்டைவிட்டு வெளிக்கிடு.

அல் குசைஸில் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்துகொண்டு ஊருலகத்துக்கெல்லாம் விசா விண்ணப்பம் அடித்துக் கொடுப்பவள் நான். என் சொந்த மகனின் விண்ணப்பத்தைக் கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடக் கடிதத்தில் முத்திரை சரியாக விழவில்லையாம். வெட்கக்கேடு! பள்ளிக்கூடத்துக்கு ஓடி, முத்திரை குத்துவித்து, திரும்பவும் வந்து வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தமன்தாஷ்? கலாஸ், பிக் மேன்!" என்று சிரித்தாள். பதினெட்டா, சரி, இனிப் பெரிய ஆம்பிளை என்கிறாள். காதில் வயரைச் செருகிக்கொண்டு நின்ற பெரிய ஆம்பிளைக்கு அது கேட்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாக்கியம் கதவைத் திறந்தாள். பாக்கியம் எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்பவள். கிளிநொச்சிப் பக்கத்து ஆள், நாலு வருடமாக எங்களோடு இருக்கிறாள். என் கணவர்தான் அவளுடைய விசாவுக்குப் பொறுப்பு, இங்கத்தைய பேச்சில் கஃபீல்.

"என்னக்கா, தம்பி வேலை முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது. பதினெட்டாம், பெரிய ஆம்பிளையாம். விடிஞ்சால் எழும்பத் தெரியாது."

நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. என் கைப்பையை வாங்கியபடி நின்றாள். "அப்ப எங்க சுகந்திக்கும் இந்த மாசந்தான் பதினெட்டு" என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் கிடக்கவில்லை.

சுகந்தி அவளுடைய மகள். கபிலனும் அவளும் ஒரே வருடம், ஒரே ஐப்பசியில் பிறந்தவர்கள். கடதாசியில் மட்டும் அவளுக்கு இருபது. அந்த இரண்டு வயது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் "எங்களுக்குத் தெரியாத கதையா?" என்று கேட்பீர்கள். தெரியும்தான். தெரிந்த நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

2

பாக்கியத்தின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். ஒரு கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து குடியேறினார்கள். காட்டை வெட்டிக் கழனியாக்கியது அவர்கள். காணி உறுதி வேறு ஆட்களின் பெயரில் இருந்தது. பாக்கியமும் அவளுடைய புருஷன் முனியாண்டியும் கூலி வேலை செய்தது யாழ்ப்பாணத்தார் ஒருவரின் வயலில். எங்கள் ஆட்கள் இவர்களைத் "தோட்டக்காட்டார்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் எவ்வளவு அழுக்கு இருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வயல்காரரின் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறார். ஏசி உதிரிப்பாக வியாபாரம், பெரிய வில்லா வீடு. பரமண்ணை என்று நாங்கள் கூப்பிடுவோம். எனக்கு வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்தான், "அண்ணரின்ர வயலில வேலை செய்யிற சனம், தங்கச்சி. களவு பொய் தெரியாதுகள்" என்று சொல்லிப் பாக்கியத்தை ஒழுங்கு பண்ணித் தந்தார்.

களவு இல்லை. பொய் ஒன்று கடவுச்சீட்டிலேயே இருந்தது. வரும்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கடவுச்சீட்டில் முப்பத்துமூன்று. "வயசு கூடினா மேடம்மாருங்க எடுக்க மாட்டாங்கன்னு ஏஜென்சிக்காரன் அஞ்சு கொறைச்சுப் போட்டுட்டான்க்கா. கொறைச்சதுக்கு நான் கொமரியா ஆயிட்டேனா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள். எங்கள் சென்டருக்கு வரும் வேலைக்காரப் பெண்கள் பலரின் வயதும் அப்படித்தான் இருக்கும். கேட்டால் சிரிப்பார்கள். வயது என்பது யாரோ எழுதிப் போடுகிற ஒரு இலக்கம், அதனால் ஆளுக்கு ஒரு கெடுதலும் வராது என்று பாக்கியம் படித்துக்கொண்டது இந்தப் பயணத்தில்தான்.

கபிலனை விடியப்புறம் எழுப்புவது அவள், பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவது அவள். அவன் அவளோடு அரைத்தமிழில் பேசுவான். "அன்ரி, பட்டர் வேணாம், ஜஸ்ட் ஜாம்." அவளும் "ஜஸ்ட் ஜாம், ஜஸ்ட் ஜாம்" என்று பாட்டாகச் சொல்லிக்கொண்டே பூசிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் ஊருக்கு எடுப்பாள். முனியாண்டி சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து சந்தியில் இருந்த டெலிபோன் கடையில் காத்திருப்பான். சில கிழமைகளில் சுகந்தியையும், அவளுக்கு இளைய பெடியனையும் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வருவான். வீட்டில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பாள். சுகந்தியின் குரல் எங்கள் வீட்டுக் குரல்களில் ஒன்றாகிவிட்டது.

3

பிறகு வன்னியில் பிள்ளை பிடிப்பு இறுகியது. வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு ஒருவர் என்று கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏழை, பணக்காரன் என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்தச் சட்டம் ஆள் இருக்கிற வீட்டுக்குத்தானே? என் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் கனடாவில். எங்கள் வீட்டில் பூட்டுத்தான் தொங்குகிறது. பூட்டையா கழற்றிக்கொண்டு போவது?

வன்னியைவிட்டு வெளியே வர இயக்கத்திடம் ஒரு பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் கிடைக்க வேண்டுமென்றால் இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். வயல்காரரின் கடைசி மகளுக்கு வயிற்றில் கட்டி, கொழும்பில் ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று ஒரு வைத்தியக் கடிதம் ஆயத்தமானது. பிணைக்கு யார்? வேறு யார், முனியாண்டிதான். முதலாளி கூப்பிட்டார், அவன் போனான், கையெழுத்து வைத்தான். பிள்ளை கொழும்புக்கு வந்து சேர்ந்தது. கட்டி தானாகவே கரைந்துவிட்டது. அடுத்ததாக லண்டன். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, நல்லாயிருக்கட்டும். ஆனால் அவள் திரும்பி வராததற்கு முனியாண்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பங்கர் வெட்ட விட்டார்கள். உள்ளங்கை கிழிந்துபோய் வந்தவனுக்கு, இனி ஒருவருக்கும் அவன் பிணை நிற்க ஏலாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவன் மகளுக்கு என்று கையெழுத்து வைக்க ஊரில் ஒரு முதலாளியும் முன்வரவில்லை.

லண்டன் போன அந்தப் பிள்ளைக்கு யுனிவர்சிட்டி கிடைத்ததென்று பரமண்ணை வில்லாவில் ஒரு வெள்ளிக்கிழமை விருந்து வைத்தார். உதவிக்கு என்று பாக்கியத்தையும் கூட்டி வரச் சொன்னார். புரியாணி முடிந்து, ஆம்பிளைகள் சோபாவில் சாய்ந்து, பேச்சு ஊர்ப்பக்கம் போனது. பரமண்ணை பல்லைக் குத்திக்கொண்டு சொன்னார்:

"விடுதலை எண்டால் சும்மா வருமே? இரத்தம் சிந்தத்தான் வேணும். சனம் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வேணும்."

எச்சில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் நிமிர்ந்தாள். வழி கேட்பவள் போலத்தான் கேட்டாள், குத்திக் காட்டும் குரல் இல்லை அது.

"யாரு வீட்டு ரத்தங்க, ஐயா?"

பரமண்ணை பல்லுக்குச்சியை மேசையில் வைத்தார்.

"பாக்கியம், நீ போய்த் தேத்தண்ணியைப் போடு."

அவள் போனாள். தேத்தண்ணி வந்தது. எல்லோரும் குடித்தோம்.

திரும்பி வரும்போது கபிலன் காரின் பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். பெரியவர்கள் பேசியதில் அவனுக்கு ஏதோ கொஞ்சம் விளங்கியிருக்க வேண்டும். "அம்மா, அப்பிடி சும்மா ஆக்களைக் கொண்டு போகேலாதுதானே? நோ சொன்னா என்ன?" என்று கேட்டான்.

பாக்கியம்தான் சொன்னாள். "சொல்லலாம் தம்பி. சொல்லிட்டு எங்க போறது?"

4

சுகந்திக்குப் பதினாறு. பதினெட்டு முடிந்தவர்களைத்தான் எடுப்பது என்று பேச்சு, இன்னும் கணக்கில் வராத வயதுதான். ஆனால் பக்கத்து வளவில் பதினேழு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோன பிறகு யாரால் நித்திரை கொள்ள முடியும்?

ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் வன்னியில் நடந்த கலியாணங்களை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். பள்ளிக்கூடச் சீருடையில் போன பிள்ளைகள் அடுத்த கிழமை கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வந்தார்களாம். பணம் இருந்தவர்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றினார்கள், இல்லாதவர்கள் மணவறையில் ஏற்றினார்கள்.

முனியாண்டி ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தான். டிரக்டர் ஓட்டும் பெடியன், அவனுக்கும் அதே பயம். ஊருக்காகத் தாலி கட்டுவது, பிள்ளை தகப்பன் வீட்டிலேயே இருப்பது, பள்ளிக்கூடம் போவது என்று பேச்சு. ஆனால் கோயிலில் கட்டினால் மட்டும் போதாது. எழுத்து வேண்டும், அதாவது பதிவு வேண்டும். பதிவுக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமோ முன்னைய ஒரு இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது.

முனியாண்டி தொலைபேசியில் தயங்கினான். பாக்கியம்தான் துணிந்து சொன்னாள், என் முன்னாலேயே சொன்னாள்.

"அதுக்கு ஏன் முழிக்கிறீங்க? சமாதான நீதவான்கிட்டப் போயி ஒரு சத்தியக் கடதாசி முடிங்க. பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு போடுங்க. ரெண்டு வயசு கூட்டுனா என்ன வந்துரப் போவுது? எனக்கு அஞ்சு கொறைச்சாங்களே, நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அப்படியே நடந்தது. பத்திரம் தொலைந்துவிட்டது, என் மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று தகப்பன் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தான். அதைக் காட்டிக் குடும்ப அட்டையிலும் வயதை மாற்றினார்கள். எழுத்து முடிந்த வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில் சுகந்தியின் குரல் வந்தது.

"அம்மா, இந்தச் சேலை நழுவிக்கிட்டே இருக்கு. ஊசி குத்தியும் நிக்குதில்ல."

"மாப்பிள்ள பேசுனானாடி?"

"சோதனை எப்பன்னு கேட்டாரு. கணக்கு கஷ்டமான்னு கேட்டாரு." பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "கணக்குல அவரு முட்டையாம்மா."

பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று கேசரி கிண்டி, மாடி முழுக்கக் கொடுத்தாள், கீழே பட்டாணிய வாட்ச்மேனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். என் கணவர்கூட இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஒரு பிள்ளை தப்பிவிட்டது என்ற சந்தோஷம் எங்கள் எல்லோருக்கும். "அன்ரியின்ர டோட்டர் மேரிடா? கூல்" என்றான் கபிலன். கலியாணம் கட்டியவள் என்றால் பெரிய பெண் என்று அவன் நினைத்திருக்கிறான்.

5

அந்த நாட்களில் குசுமா என்று ஒரு சிங்களப் பெண் எங்கள் சென்டருக்கு வந்தாள். ஒரு அரபி வீட்டில் வேலை. அவசரமாக லீவுக் கடிதம் அடிக்க வேண்டும். தம்பி ஆர்மியில் இருந்தவன், சீல் வைத்த பெட்டி ஊருக்கு வருகிறதாம். எனக்குச் சிங்களம் ஓடாது, அவளுக்குத் தமிழ் ஓடாது. இரண்டு பேரும் இங்கே படித்த உடைந்த ஹிந்தியில்தான் பேசினோம். அவர்கள் ஊரில் மழை இல்லை, வயல் இல்லை, பெடியன்கள் எல்லாம் ஆர்மிக்குத்தான் போவார்களாம். நான் காரணம் என்ற இடத்தில் "சகோதரர் மரணம்" என்று அடித்துக்கொண்டிருந்தபோது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "படா ஆத்மி கா லட்கா, ஆர்மி மாஃபி." பெரிய மனுஷன் வீட்டுப் பெடியன் ஒருவனும் ஆர்மியில் இல்லையாம். அவளுடைய தம்பி எங்கள் சனத்தைச் சுடப் போனவன். எனக்கு அவன்மேல் இரக்கம் வரக்கூடாது என்றுதான் இருந்தது. வந்து தொலைத்தது, என்ன செய்ய? கடிதத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முனியாண்டி தனியாக வந்திருந்தான். ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல், பிறகு அவனுடைய மூச்சு.

"பாக்கியம், புள்ளயக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

பாக்கியம் நின்ற இடத்திலேயே தரையில் குந்திவிட்டாள். நான்தான் கேட்டேன். "கலியாணம் கட்டின பிள்ளையை எப்பிடிக் கொண்டு போனவை?"

"கட்டுனவங்களும் வரணுமாம் அம்மா, கைக்கொழந்தை இல்லாட்டி. மாப்பிள்ளையும் போயிட்டான். நான் சொன்னேன், தம்பி, அவ சின்னப் புள்ள, பதினாறு வயசு, பள்ளிக்கூடம் போற புள்ளன்னு. வந்ததுல ஒரு பையன், அவனும் நம்ம தோட்டத்து லயத்துப் பேச்சுதான் பேசுனான், பதினாறுன்னா எப்படி ஐயா எழுத்து வச்சீங்கன்னு கேட்டான். சத்தியக் கடதாசியக் கொண்டான்னான். பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு நாந்தான கையெழுத்து வச்சிருக்கேன்? இது பொய்யின்னா ஒங்க கலியாணமும் பொய்யி, மெய்யின்னா புள்ளைக்கு வயசு வந்துருச்சு, எப்படிப் பாத்தாலும் கூட்டிட்டுப் போறோம்னான். பதினாறு, பதினாறுன்னு நான் ரோடு வரைக்கும் கத்திக்கிட்டே போனேன் அம்மா. யாரும் காதுல வாங்கல."

அந்தத் தெருவில் முதலாளி வீடும் இருக்கிறது. அவருக்குப் பிறந்தது மூன்று பிள்ளைகள், ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. கேற்றில் பூட்டு. அதைத் தாண்டித்தான் வண்டி போனதாம்.

பாக்கியம் அன்று அழவில்லை. "நாந்தான் கூட்டச் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லை பாக்கியம், உம்மில என்ன பிழை? கோதாரி விழுந்த சட்டம் போட்டவன்ர பிழை" என்று நான் கத்தினேன். அவளைத் தேற்றக் கத்தினேனா, என் ஆத்திரத்துக்குக் கத்தினேனா தெரியவில்லை. மற்ற நாள் காலையில் எழுந்து, வழக்கம்போல கபிலனின் பாணுக்கு ஜாம் பூசினாள். பாட்டுப் பாடவில்லை. அதற்குப் பிறகு பாடவேயில்லை.

6

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்தது. டெலிபோன் கடை போனது, சந்தி போனது, வெள்ளிக்கிழமைகளில் பாக்கியம் அடித்து அடித்துப் பார்க்கும் இலக்கத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. எல்லாம் முடிந்து நெடுநாளுக்குப் பிறகு, முள்ளுக்கம்பிக்குள் இருந்த ஒரு முகாமிலிருந்து யாருடையதோ கைத்தொலைபேசியில் முனியாண்டி பேசினான். "நானும் சின்னவனும் இருக்கோம்" என்றான். அவள் மற்றதைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சுகந்தியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்த மாப்பிள்ளைப் பெடியனைப் பற்றியும் இல்லை.

பரமண்ணை போன மாதமும் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லாம் வீணாய்ப் போச்சே என்று கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்தார்.

காணாமல் போனவர்களைத் தேடுகிற ஒரு அமைப்பு கொழும்பில் இருக்கிறது. அவர்களுடைய படிவத்தை என் மச்சாள் ஒருத்தி அனுப்பியிருந்தாள், ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். நேற்று அதை நிரப்பலாம் என்று பாக்கியத்தைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் கபிலனின் அறையில் இருக்கிறது. அவன் கட்டிலில் வயரைக் காதில் செருகிக்கொண்டு கிடந்தான். அவள் எனக்குப் பின்னால், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பெயர் அடித்தேன். தகப்பன் பெயர், கிராமம். அடுத்த கட்டத்தில் வயது.

"என்ன வயசு போட, பாக்கியம்? எல்லாக் கடதாசியிலயும் இருபது எண்டுதான் கிடக்குது."

கபிலன் காதிலிருந்து வயரை உருவினான்.

"வெயிட், வெயிட். என்ன இருபது? அன்ரி, சுகந்திக்கு உண்மையா எத்தினை?"

"ஒன் வயசுதான் தம்பி. ஒனக்கு ஒம்பது நாளு மூத்தவ."

"என்ர ஏஜா? பட் ஷி வாஸ் மேரிட்…" அவன் தனக்குள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப கொண்டு போகேக்க…" அதோடு நிறுத்திவிட்டான். அந்த வருடம் நாங்கள் அவனுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம், அது சின்னது என்று சண்டை பிடித்தான். அவன் எழும்பி, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பாக்கியத்துக்குப் போட்டான். இந்த நாலு வருடத்தில் இந்த வீட்டில் அவளுக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. அவள் அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

"இருவதுன்னு போட்டா, பெரிய பொண்ணு, தானா போனவன்னு வச்சிக்குவாங்க, இல்லக்கா?"

"அப்பிடியும் நினைப்பினம்."

"பதினெட்டுன்னு போட்டா?"

"முகாமில, குடும்ப அட்டையில எல்லாம் இருபது. பொருந்தாட்டி அப்பிடி ஒரு பிள்ளையே பதிவில இல்லை எண்டு வைச்சுவிடுவினம்."

குசினியில் அடுப்பில் வைத்த பருப்பு பொங்கி ஊற்றும் மணம் வந்தது. அவளும் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை. கபிலன்தான் போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தான்.

"பதினெட்டே போடுங்கக்கா" என்றாள். "அவங்கப்பா ரோடு வரைக்கும் கத்திக்கிட்டுப் போனாரு, யாரும் கேக்கல. ஒரு எடத்துலயாச்சும் எம்புள்ள வயசு சரியா இருக்கட்டும்."

நான் ஒன்றையும் எட்டையும் அடித்தேன். போன கிழமை கபிலனின் விண்ணப்பத்தில் அடித்ததும் அதே இலக்கம்தான்.